வயல்வெளிக்கு அங்காலை

அலுமாரிக்கு மேலே இருந்து அது விழுந்தபோது நான் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டு நின்றேன். கடற்பக்கச் சுவரில் மறுபடியும் ஈரம் ஊறிப் பெயின்ற் உரியத் தொடங்கியதால் பூச்சு வேலை செய்கிற பாஸ் ஒருவரைக் கூப்பிட்டிருந்தேன். சுவரைச் சுரண்டுவதற்காக அவர் அலுமாரியை இழுத்த இழுப்பில், சூட்கேசுக்குப் பின்னால் கிடந்த சுருள் ஒன்று தரையில் விழுந்து பாதி விரிந்தது. "நோனா, மேக்க ஓனத?" என்று சிங்களத்தில் கேட்டார். இது வேண்டுமா என்கிறார். ஈரக் கையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறிஸ்டல் போட் மட்டை. பூச்சி உருண்டை மணம். பச்சைப் பென்சிலால் தீட்டிய பனங்கூடல். அதற்கு மேலே மகளின் அந்தக் காலத்துக் குண்டு எழுத்து: "எனது தந்தையின் கிராமம்."

அவர் அதை மெதுவாகச் சுருட்டிக் கட்டிலில் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். நான் இங்கே வந்து உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீங்கள் போய் இரண்டு வருடம் முடிகிறது. இவ்வளவு நாளும் உங்களுக்கு எழுத வேண்டுமென்று தோன்றாததற்குக் காரணம் துக்கமில்லை. யாருக்கு எழுதுவது என்று தெரியவில்லை, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடம் ஒரே மேசையில் சாப்பிட்ட மனிதருக்கா, அல்லது போன வருடம் நான் முதன்முதலாகக் கேள்விப்பட்ட ஒருவருக்கா? இரண்டு பேருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். யார் வாசித்தாலும் சரி.

அந்த வரைபடம் கீறிய பின்னேரம் நினைவிருக்கிறதா? மகள் அப்போது ஏழாம் ஆண்டு. ஒரு சிறிய கிராமத்தைப் பற்றி எழுதி வரச் சொல்லியிருந்தார் புவியியல் டீச்சர். அமைவிடம், எல்லைகள், மண், நீர், மக்கள்தொகை, தொழில். "எனக்கு ஊரே இல்லை. கொட்டாஞ்சேனையை எழுதட்டோ?" என்று அவள் அழுகிற நிலையில் வந்தாள். கொட்டாஞ்சேனை என் ஊர், கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்தில். நீங்கள் சிரித்தீர்கள். "கொட்டாஞ்சேனை கிராமமெண்டால் துறைமுகம் என்ன, குளமோ? கொண்டாங்கோ பிள்ளை பென்சிலை."

வாழ்நாள் முழுவதும் மற்றவர்களின் கட்டடங்களுக்குப் படம் வரைந்து கொடுத்தவர் நீங்கள். பழகிய கை. அடிமட்டம் கூட இல்லாமல் கோடு நேராகப் போனது. "வடக்கை பனங்கூடல். தெற்கை பெரிய றோட்டு. மேற்கை செம்மண் தோட்டம், வெங்காயமும் புகையிலையும். கிழக்கை வெளி. நெல்லு வெளி. மாரியில தண்ணி நிண்டால் கடல் மாதிரிக் கிடக்கும்." நடுவில் கோயில், அதன் அருகே படிகள் இறங்கும் கேணி. மகள் எழுதிக்கொண்டே வந்தாள். "மக்கள்தொகை எத்தினை அப்பா?"

நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வீடு வீடாகப் போனீர்கள். வாத்தியார் வீட்டில் ஐந்து பேர், கட்டிலில் கிடக்கிற கிழவரோடு ஆறு. ஒரு கிணற்றைப் பங்கு போட்டுக்கொண்ட அண்ணனும் தம்பியும், கதை பேச்சு இல்லை, தண்ணீர் அள்ளும்போது கயிறு மட்டும் கைமாறும். ஆடு வளர்க்கிற ஒரு மனுசி, தன் மருமகளின் பெயரை ஆட்டுக்கு வைத்து நாள் முழுக்க அதை ஏசுவாராம். நானும் மகளும் வயிறு வலிக்கச் சிரித்தோம். "அடுத்த வீட்டில புருசனோட சண்டை பிடிச்சுக்கொண்டு தாய் வீட்டில வந்திருக்கிற மகளையும் எண்ணுறதோ?" என்று மகள் கேட்டாள். "அவ திரும்பிப் போகமாட்டா, எண்ணுங்கோ" என்றீர்கள்.

கடைசியில் மகள்தான் கண்டுபிடித்தாள். "அப்பா, எங்கட வீட்டை எண்ணேல்ல."

நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். பென்சில் கொஞ்ச நேரம் காகிதத்துக்கு மேலே நின்றது. பிறகு கேணிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு சதுரம் போட்டுச் சிவப்பால் நிரப்பினீர்கள். "இது எங்கட." எத்தனை பேர் என்று அவள் கேட்டாள். "மூண்டு. அப்பா, அம்மா, நான்" என்றீர்கள். எல்லாம் கூட்டி நூற்றுப் பதினேழு என்று அவள் எழுதினாள். முதற் பரிசு கிடைத்தது. டீச்சர் அதை வகுப்புச் சுவரில் ஒரு தவணை முழுவதும் தொங்கவிட்டிருந்தார்.

எனக்கு அந்த ஊர் மனப்பாடம். ஒரு நாளும் போகாத ஊர். கொழும்புக் கோட்டையில் கப்பல் அலுவலகத்தில் நான் தட்டெழுத்தாளர், நீங்கள் மேல்மாடியில் கட்டடப் படம் வரைகிற கம்பனியில். கலியாணம் பேச வந்தபோது, துறைமுகத்தில் கிளார்க்காக இருந்த என் டாடி இரண்டே இரண்டு கேள்விதான் கேட்டார். குடிப்பீர்களா, மாதா கோயிலுக்கு வருவீர்களா. முதலாவதற்கு இல்லை என்றும் இரண்டாவதற்கு ஓம் என்றும் சொன்னீர்கள். ஞானஸ்நானம் எடுக்கவும் மறுப்பில்லை. எனக்காகத்தான் எடுத்தீர்கள் என்று முப்பது வருடம் உள்ளுக்குள் பெருமைப்பட்டேன். இப்போது அதுவும் சரியாகத் தெரியவில்லை. வேறு ஏதோ ஒன்றிலிருந்து வெளியே வருவதற்கும் அது ஒரு கதவாக இருந்திருக்கலாம்.

கலியாணத்துக்கு உங்கள் பக்கத்திலிருந்து ஓர் அலுவலக நண்பர் மட்டும் வந்தார். "ஆக்கள் ஒருத்தரும் இல்லை" என்றீர்கள். போர்க்காலம். அந்த நாட்களில் கொழும்பில் ஒருவர் அப்படிச் சொன்னால் யாரும் இரண்டாவது கேள்வி கேட்கமாட்டார்கள். நானும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று நினைத்தேன்.

மகளுக்கு இரண்டு வயதானபோது வெள்ளவத்தைக்கு வந்தோம். உங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் நடுவே இருக்க ஆசைப்படுகிறீர்கள் என்று நினைத்தேன். வந்த பிறகு பார்த்தால் நீங்கள் யாருடனும் அதிகம் பழகவில்லை. நான்தான் பழகினேன். என் "வாங்க" எல்லாம் "வாங்கோ" ஆகிவிட்டது. மாடிப்படியில் சந்திக்கிற பெண்கள் என்னையும் யாழ்ப்பாணம் என்றே நினைத்தார்கள். "உங்கட மனுசன் ஊரில எவடம்?" என்று கேட்பார்கள். "கோயிலடி" என்று நான் பெருமையோடு சொல்வேன். கொட்டாஞ்சேனையில் எவடம் என்று கேட்டால் எந்த பஸ் தரிப்பில் இறங்குவது என்று அர்த்தம். இங்கே அந்தக் கேள்வியால் வேறொன்றை அளக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். என்னைப் பேசவிட்டுப் பக்கத்தில் பேசாமல் நின்றிருக்கிறீர்கள்.

போரில் மூடிக் கிடந்த யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு ஒவ்வொரு பள்ளி விடுமுறைக்கும் "ஊருக்குப் போவமா?" என்று கேட்டேன். "போவம், போவம்." ஒரு முறை உங்களுக்கு முதுகு வலி. ஒரு முறை மகளுக்குப் பரீட்சை. பிறகு நான் கேட்பதை விட்டுவிட்டேன். பிறகு நீங்களே போய்விட்டீர்கள்.

போன வருடம் மகள் தன்னோடு வேலை செய்கிற ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னாள். நல்ல பிள்ளை. அவனுடைய தாய் எங்களைப் பார்க்க வந்தார். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. வடையும் தேத்தண்ணியும் கொடுத்தேன். கதைத்துக்கொண்டு போகப் பார்த்தால் அவருடைய தாய்வழி உங்கள் ஊருக்கு அடுத்த ஊர்.

"உங்கட மனுசன் அங்கை எவடம்?"

"கோயிலடி."

"கோயிலடியில ஆரின்ர வீடு?"

"கேணிக்குப் பக்கத்தில" என்றேன்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "கேணியடியில நாலு வீடுதானே. நாலும் எங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களெல்லோ. இவர் ஆர்?" குரலில் கோபம் எதுவும் இல்லை. உண்மையாகவே யோசிக்கிற முகம். நானும் யோசித்தேன். உள்ளே போய் வரைபடத்தை எடுத்துக் காட்டுவோமா என்று கூட நினைத்தேன். ஏதோ தடுத்தது. "பழைய வீடு, இப்ப இல்லைப் போல" என்று சொல்லிச் சமாளித்தேன். "இருக்கும், இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

அடுத்த கிழமை காலை ரயிலில் நான் தனியாகப் போனேன். மகளிடம் மடு மாதா கோயிலுக்குப் போவதாகச் சொன்னேன். பாருங்கள், நானும் பொய் சொல்லத் தொடங்கிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் தங்கி, மறுநாள் காலை ஓட்டோ ஒன்றில் உங்கள் ஊருக்குப் போனேன். கையில் வரைபடம்.

எல்லாம் சரியாக இருந்தது! அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய றோட்டிலிருந்து ஒழுங்கை திரும்புகிற இடம், நீங்கள் கீறிய அதே வளைவு. மதகு. செம்மண். பனங்கூடல் மட்டும் கொஞ்சம் குறைந்திருந்தது. சில வீடுகள் பூட்டிக் கிடந்தன, சிலவற்றுக்கு வெளிநாட்டுப் பணத்தில் உயர்ந்த மதில் வந்திருந்தது. ஆனால் எண்ணிக்கொண்டு நடந்தேன், ஒரு வளவு கூடத் தவறவில்லை. இருபது வருடத்துக்கு மேல் பார்க்காத ஊரை ஒரு மனிதர் இவ்வளவு நேர்மையாக வரைந்திருக்கிறாரே என்று எனக்குக் கண் கலங்கியது. கேணியடிக்கு வந்தேன். சிவப்புச் சதுரம் இருக்க வேண்டிய இடத்தில் கோயிலின் பூந்தோட்டம். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும். வீடு இருந்த அத்திவாரம் கூட இல்லை.

பக்கத்து வளவில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், என்னைப் போல அறுபது வயது வரும், படலைக்கு வந்தார். "ஆரைத் தேடுறியள்? கொழும்பிலயிருந்தோ? உள்ளை வாங்கோ, வெயிலுக்கை நிக்காதேங்கோ. தேத்தண்ணி போடுறன், இருங்கோ." வாத்தியார் வீட்டு மகள் அவர். வரைபடத்தைக் காட்டியதும் முகம் மலர்ந்துவிட்டது. "கடவுளே, இது ஆர் கீறினது? இது எங்கட வீடு. கிணத்தடி முருங்கையையும் போட்டிருக்கு! நான் சின்னனா இருக்கேக்கை விழுந்த மரம் அது."

நான் சிவப்புச் சதுரத்தைத் தொட்டுக் காட்டினேன். "இந்த வீடு?"

"இதில வீடில்லை. ஒருநாளும் இருக்கேல்லை."

உங்கள் பெயரைச் சொன்னேன். படத்தின் மேல் இருந்த அவருடைய விரல் நின்றது. "செல்லியின்ர மூத்தவனோ?"

மாமியின் பெயர் செல்லம்மா என்று உங்கள் பிறப்புச் சான்றிதழில் பார்த்திருக்கிறேன். செல்லி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. ஓம் என்று தலையாட்டினேன்.

"அவை இஞ்சை இல்லை. வெளிக்கு அங்காலை" என்று கிழக்கே கையைக் காட்டினார். "செல்லி எங்கட வீட்டுப் பின்கோடியெல்லாம் கூட்டினவள். பாவம், நல்ல மனிசி. இவனும் கூட வருவான். பின்பக்கத்தில குந்தியிருந்து படிப்பான். எங்கட அப்பா கொப்பி எல்லாம் குடுத்தவர். கொழும்பில பெரிய ஆளாயிட்டானோ? நல்லது, நல்லது." மேலும் கொஞ்சம் கதைத்தார். உங்கள் கெட்டிக்காரத்தனத்தைப் புகழ்ந்தார். கெட்ட மனம் அதில் இல்லை. கடைசியில், "அங்காலை போறதெண்டால் வரம்பால போம், கிட்ட" என்றார். கொஞ்சம் முன்பு "வாங்கோ, இருங்கோ" என்ற வாய், இப்போது ஒரு படி இறங்கி "போம்" என்றது. தேத்தண்ணி வரவில்லை. மறந்துவிட்டாரா, என்ன என்று எனக்குத் தெரியாது. இன்றுவரை அதை யோசிக்கிறேன். மறந்திருக்கலாம்.

வரம்பில் கால் வைக்கும் முன், ஒரு பூவரசின் கீழ் நின்று வரைபடத்தை மறுபடி விரித்தேன். அப்போதுதான் கண்ணில் பட்டது. வாத்தியார் வீட்டில் கிணறு இருக்கிறது, குசினி இருக்கிறது, மாட்டுக்கொட்டில் இருக்கிறது. முன்வாசல் இல்லை. எந்த வீட்டிலும் இல்லை. இருபத்தாறு வீடுகளையும் நீங்கள் பின்பக்கத்திலிருந்து வரைந்திருந்தீர்கள். சிரிக்கச் சிரிக்கச் சொன்ன கதைகள் எல்லாம் கிணற்றடியிலும் கோடியிலும் நின்று ஒரு பிள்ளை கேட்டவை. ஒரு கட்டட வரைஞர் வாசல் வைக்க மறப்பாரா? நாங்கள் ஏன் அதை ஒரு நாளும் கேட்கவில்லை? வெளி முடிகிற கிழக்கு ஓரத்தில், குறிவிளக்கம் என்று பெரிய பெட்டி ஒன்று கீறி மீதி இடத்தை மூடியிருந்தீர்கள்.

அந்தப் பெட்டிக்குள் நான் நடந்து போனேன்.

வெளியின் நடுவில் நின்று பார்க்கும்போதே தெரிந்தது, அங்காலை வீடுகள் அதிகம். நெருக்கமாக, ஓடும் தகரமும் கல்லுமாக, பிள்ளைகளின் சத்தத்தோடு. ஒரு முன்பள்ளி. ஒரு சின்னக் கோயில். நாற்பத்து மூன்று குடும்பம் என்று பிறகு சொன்னார்கள். வரைபடத்தில் இருந்த ஊரைவிட வரைபடத்தில் இல்லாத ஊர் பெரிது. நூற்றுப் பதினேழு என்று எங்கள் பிள்ளை எழுதிப் பரிசு வாங்கியபோது, அந்த மூன்று பேரைத் தவிர நீங்கள் பிறந்த பக்கத்தில் ஒருவரைக் கூட அவள் எண்ணியிருக்கவில்லை.

செல்லம்மா வீடு என்று கேட்டேன். கை காட்டினார்கள். சாரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் வெளியே வந்தார். வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்தி நடக்கிற நடை. உங்கள் நடை.

"ஆரைத் தேடுறியள்?"

உங்கள் பெயரைச் சொல்லி, நான் அவருடைய மனுசி என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் வரம்பைப் பார்த்தார். நீங்கள் வருகிறீர்களா என்று பார்த்தார். "அண்ணர் பின்னால வாறாரோ?"

உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்பதை நானும், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்பதை அவரும் ஒரே நிமிடத்தில் அறிந்தோம். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. நெஞ்சு வலி என்று சொன்னேன், ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் என்று சொன்னேன், கனத்தை மயானத்தில் அடக்கம் என்று சொன்னேன். அவர் கவிழ்த்து வைத்திருந்த வாளியின் மேல் உட்கார்ந்தார். அவருடைய மனைவி வந்து ஒருவர் மாறி ஒருவரைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கோ அழுகையோடு கோபமும் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை.

பிறகு அவர் கேட்டார். "எங்களைப் பற்றிக் கதைக்கிறவரோ?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள். "ஓம், கதைப்பார்" என்றேன்.

"என்னெண்டு கதைப்பார்?"

அவசரத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "நீங்கள் சின்னனில நல்லா நீந்துவீங்களாம். கேணியில விழுந்தால் ஏறவே மாட்டீங்களாம்."

அவர் என்னைப் பார்த்தார். "எனக்கு நீந்தத் தெரியாது அண்ணி. எங்களைக் கேணியில இறங்க விடமாட்டினம்."

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் அவர் முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. உங்களைக் காப்பாற்ற நான் பொய் சொல்கிறேன் என்று அவருக்கு விளங்கிவிட்டது. "தேத்தண்ணி போடு" என்று மனைவியிடம் சொன்னார்.

தேத்தண்ணி குடிக்கும்போது சொன்னார். பாதை திறந்த புதிதில் நீங்கள் ஒரு முறை வந்தீர்களாம். என்னிடம் அலுவலக வேலை என்று சொல்லிவிட்டு ஒரு தரம் தனியாகப் போன யாழ்ப்பாணப் பயணமாக இருக்க வேண்டும். "கலியாணம் கட்டினனான், ஒரு பொம்பிளைப் பிள்ளை எண்டவர். கூட்டிக்கொண்டு வாங்கோவன் எண்டன். கூட்டிக்கொண்டு வந்தால் முதல்ல இருந்து எல்லாம் சொல்ல வேணுமெண்டார். சொல்லுங்கோவன் எண்டன். பிந்திப் போச்சு எண்டார். பின்னேரமே வெளிக்கிட்டுப் போட்டார். அதுக்குப் பிறகு வரேல்லை." குற்றம் சொல்கிற குரலில்லை. மழை பெய்யவில்லை என்று சொல்வது போலச் சொன்னார்.

கொழும்புக்கு வந்து வரைபடத்தை அலுமாரிக்கு மேலே தள்ளி வைத்தேன். மூன்று நாள் கழித்து மகளிடம் எல்லாம் சொன்னேன். அவள் எதைப் பற்றிக் கவலைப்படுவாள் என்று நான் பயந்தேனோ, அதைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கூடச் சொல்லவில்லை. "எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறாரோ? உயிரோட?" என்றாள். பிறகு கத்தத் தொடங்கினாள். "மூண்டு பேர் எண்டு அப்பா சொல்ல நான் எழுதினனான் அம்மா. என்ர கையால எழுதினனான். தன்ர தம்பியை என்னைக் கொண்டு அழிச்சிருக்கிறார்." கதவைச் சாத்திக்கொண்டாள். இரண்டு கிழமை உங்கள் படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தவில்லை. நானும் கொளுத்து என்று சொல்லவில்லை. பிறகு ஒரு நாள் தானாகவே கொளுத்தினாள். ஏன் என்று கேட்கவில்லை.

மாப்பிள்ளையின் தாயிடம் நானே போனேன். போகும் வழியெல்லாம், உங்களைக் காட்டிக்கொடுக்கப் போகிறேனா, அல்லது உங்கள் தலையிலிருந்து ஒரு சுமையை இறக்கப் போகிறேனா என்று மாறி மாறி நினைத்தேன். முடிவு காணாமலே அவர் வீட்டு மணியை அடித்தேன். "என்ர மனுசன்ர வீடு கோயிலடி இல்லை. வெளிக்கு அங்காலை" என்றேன். உட்காரக் கூட இல்லை.

"எனக்குத் தெரியும்" என்றார் அவர். "அண்டைக்கே ஆக்களிட்டை விசாரிச்சனான். நீங்களாச் சொல்லுறியளோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப என்ன செய்வம்?"

"நான் என்ன செய்யிறது? மகனுக்குச் சொன்னனான். அதுக்கென்ன எண்டு கேட்டவன்." கொஞ்சம் பொறுத்து, "எங்கட காலத்தில இப்பிடிக் கேக்கேலாது" என்றார். அது வருத்தமா, பொறாமையா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கே விளங்கியிருக்குமோ தெரியாது.

கலியாணம் இந்தத் தை மாதம் நடந்தது. சின்ன மண்டபம், பதிவாளர் முன் எழுத்து, பிறகு சாப்பாடு. உங்கள் தம்பியும் மனைவியும் முதல் நாளே வந்து எங்களோடு தங்கினார்கள். காலையில் அவர் பல்கனியில் நின்று கடலைப் பார்த்தார். இவ்வளவு கிட்ட ரயில் போகுமென்று நம்ப முடியவில்லை என்றார். தகப்பன் இடத்தில் நின்று மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். கோட் இல்லை, வெள்ளை வேட்டி சட்டை. பின்னால் இருந்து பார்த்தவர்கள் சிலர் திடுக்கிட்டார்கள். நானும்தான்.

சாப்பாட்டு நேரம் அவருக்குப் பக்கத்துக் கதிரை வெறுமையாக இருந்தது. மாப்பிள்ளையின் தாய் தட்டோடு வந்தார். கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதில் உட்கார்ந்தார். "பயணமெல்லாம் வசதியோ?" என்று கேட்டது எனக்குக் கேட்டது. "ஓம், சுகமா வந்தனாங்கள்" என்று அவர் சொன்னார். அதற்கு மேல் இருவரும் கதைக்கவில்லை. வேறு கதிரை இல்லாததால் அவர் அங்கே இருந்தாரா? மண்டபத்தில் வேறு கதிரைகள் இருந்தனவா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

இப்போது நான் யோசிப்பதெல்லாம் ஒன்றுதான். என்னிடம் ஏன் மறைத்தீர்கள்? வெள்ளவத்தையிடம் மறைத்தது விளங்குகிறது. நான் யார்? கொட்டாஞ்சேனைப் பெட்டை. எனக்கு அந்த வெளியும் தெரியாது, இங்காலையும் தெரியாது, அங்காலையும் தெரியாது. சொல்லியிருந்தால் "சரி, வாங்கோ சாப்பிட" என்றிருப்பேன். இதை நான் பல மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் கோப்பை கழுவும்போது நினைவுக்கு வந்தது. நாங்கள் கலியாணம் செய்த புதிதில், கொட்டாஞ்சேனை வீட்டில், மட்டக்குளியிலிருந்து ஒரு பெண் வந்து பின்பக்கக் கழிவுநீர்க் கானைத் துப்புரவாக்குவார். என் அம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுப்பார். தகரக் குவளையில். குடித்து முடிந்ததும் அந்தப் பெண்ணே அதைக் கழுவிப் பின்சுவரில் கவிழ்த்து வைப்பார். அந்தக் குவளை வீட்டுக்குள் வராது. அம்மா கெட்டவர் இல்லை, அந்தப் பெண்ணின் பிள்ளைகளுக்கு நத்தார்ப் பண்டிகைக்கு உடுப்பு எடுத்துக் கொடுப்பார். ஒரு நாள் நீங்கள் பின்கதவில் நின்று அந்தக் குவளையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "என்ன பாக்கிறீங்க?" என்று கேட்டேன். "ஒண்டுமில்லை" என்றீர்கள். நான் சிரித்துக்கொண்டு, "அது அவங்க கப், எடுத்திடாதீங்க" என்றேன்.

அப்படிச் சொன்னேனா? சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன். இல்லை, பிறகு எல்லாவற்றையும் அறிந்தபின் என் மனமே அதை உண்டாக்கியதோ தெரியாது. அம்மாவும் இல்லை, டாடியும் இல்லை, நீங்களும் இல்லை. கேட்பதற்கு ஒருவரும் இல்லை. அந்த ஒரு வசனம்தான் முப்பது வருடம் உங்கள் வாயைக் கட்டியது என்றால், நான் உங்கள் மேல் வைத்திருக்கிற கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? அது காரணமே இல்லை என்றால், இந்தக் குற்ற உணர்வை என்ன செய்வது?

உங்கள் தம்பி ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூசை முடிந்து நான் வீடு வருகிற நேரம் பார்த்துத் தொலைபேசியில் கூப்பிடுகிறார். மழை, வெங்காயம், அவருடைய மகளின் முன்பள்ளிப் பிள்ளைகள், எங்கள் மகளின் புது வீடு. உங்களைப் பற்றி நாங்கள் அதிகம் கதைப்பதில்லை. போன ஞாயிறு மட்டும், எல்லாம் கதைத்து முடிந்து போனை வைக்கப்போகிற நேரத்தில், அவர் மறுபடி கூப்பிட்டார்.

"அண்ணி," என்றார். "அண்ணர் சாகேக்கை பக்கத்தில ஆர் இருந்தது?"

இந்த முறை நான் எதையும் உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. "நான்தான். கையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அப்ப சரி" என்றார்.

எது சரி என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஆனால் அன்றிலிருந்து, சந்தைக்குப் போகும்போதும், மாடிப்படி ஏறும்போதும், அந்த இரண்டு சொல்லையும் உங்கள் குரலில்தான் கேட்கிறேன்.